இன்னொரு பதினாலு

டன்மோரில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற லெம்யூல் டார்வருக்கு அந்த ஆகஸ்ட் முழுவதும் ஒரே தொல்லை. வீட்டு முற்றத்தில் குனிந்து, கொக்கியால் இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே பாம்பா குளவியா என்று பார்த்து நிமிர்வதற்குள் வராந்தாவிலிருந்து கேள்வி வந்துவிடும்.

"ஏழு, நீயே சொல்லு. அந்த ஸ்டோக்ஸ் பையனுக்குப் பதினாலு குடுக்கலாமா, கூடாதா?"

லெம்யூல் பதில் சொல்வதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வரும்.

"போன வருஷம் கடைசி ஆட்டத்துல கைக்கு வந்த பந்தைக் கோட்டை விட்டவன். அவனுக்கா பதினாலு?"

"விட்டது ஒண்ணு, பிடிச்சது எத்தனை? உன் புருஷன் இதுவரைக்கும் ஒரு வேலையாவது பிடிச்சானா?"

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கையிலேயே லெம்யூல் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த முற்றத்துக்குப் போய்விடுவார். உண்மையில் யாரும் அவரிடம் பதில் எதிர்பார்க்கவில்லை. அவரைக் கேட்பது ஒரு கிண்டல். பதினாலைப் பற்றி ஏழிடம் கேட்பதில் டன்மோர்க்காரர்களுக்கு ஒரு சின்ன சுகம் உண்டு.

இந்த ஊரில் கால்பந்து என்றால் கையால் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிற பந்து. தூரத்துக்கு எறியப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவன்தான் ஊருக்குச் செல்லப்பிள்ளை. டன்மோர் கல்லூரியில் அப்படிப் பிடிப்பவர்களில் தலைசிறந்தவனுக்குத்தான் பதினாலாம் நம்பர் சட்டை. அதைப் பயிற்சியாளர் கொடுக்க முடியாது, கல்லூரித் தலைவரும் கொடுக்க முடியாது. போட்டிருந்தவன் தன் கையால் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்காவிட்டால் அது யாருக்கும் இல்லை. கடைசியாக அதை வாங்கியவன் ராஸ்கோ ஃபேரிஸ். வாங்கினான், ஆடினான், சிகாகோவுக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடிப் பேர் எடுத்தான். ஆனால் நம்பரைக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் யாராவது போய்க் கேட்பார்கள். "அதுக்கு ஒருத்தன் இன்னும் பொறக்கல" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிடுவான். இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிற ஜாதி அவன். அந்த மார்ச்சில் இறந்துபோனான். பதினாலாம் நம்பர் சட்டையைப் போட்டே புதைத்தார்கள்.

லெம்யூலுக்கு ஏழு என்ற பேர் வந்ததும் இதே சட்டையால்தான்.

அணியில் நூறு பையன்கள் இருப்பார்கள், சட்டை எண்ணோ தொண்ணூற்றொன்பதோடு முடிந்துவிடும். அதனால் ஒரே எண்ணை இரண்டு பேர் போடுவது எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: அந்த இருவரும் ஒரே நேரத்தில் மைதானத்தில் நிற்கக் கூடாது. லெம்யூல் அந்த அணியில் உப்புக்குச் சப்பாணி. பந்தை எதிராளிப் பக்கம் உதைத்து அனுப்பும்போது மட்டும் உள்ளே போய், வருகிறவனை மறித்து விழுத்திவிட்டுத் திரும்பி வர வேண்டும். மூன்றாம் வருஷம் அவன் சட்டை கிழிந்துபோயிற்று, பெட்டியில் வேறு சட்டை இல்லை. உடை மாற்றும் அறையில் வெறும் மேலோடு நின்றவன் மீது ராஸ்கோ தன்னிடம் உபரியாக இருந்த சட்டையைத் தூக்கி எறிந்தான். "போட்டுக்கடா. நீ உள்ள போற நேரத்துல நான் தண்ணி குடிச்சிட்டிருப்பேன். நம்ம ரெண்டு பேரும் பாத்துக்கவே போறதில்ல."

அவன் சொன்னபடியேதான் பருவம் முழுக்க நடந்தது. கடைசி ஆட்டத்தில், சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தில், பயிற்சியாளருக்கு ஒரு யோசனை வந்தது. உதைப்பது போல் போக்குக் காட்டிவிட்டு எறியச் சொன்னார். "ஃபேரிஸ், உள்ள போ" என்று கத்தி, வேறு யாரையோ வெளியே இழுத்தார். பதினொரு பேர், கணக்கு சரி. அதில் இரண்டு பேர் பதினாலு என்பதை அவர் பார்க்கவில்லை.

ராஸ்கோ பந்தைப் பிடித்தான். அவனைத் துரத்தி வந்த ஒருவன் முன்னால் லெம்யூல் போய் விழுந்தான், அவன் தடுக்கி உருண்டான், ராஸ்கோ கோட்டைத் தாண்டிவிட்டான். டன்மோர் முழுக்க எழுந்து நின்று கொண்டாடியது. அப்புறம்தான், ஒரே எண்ணில் இருவர் நின்ற தவறுக்காக நடுவர் மஞ்சள் துணியை எறிந்தது தெரிந்தது. புள்ளி போயிற்று, ஆட்டம் போயிற்று, பட்டமும் போயிற்று.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பயிற்சியாளரைத் திட்டினால் அவர் அடுத்த வருஷம் நல்ல பையன்களைக் கொண்டுவர மாட்டார். ராஸ்கோவைத் திட்ட ஊருக்கு வாய் வராது. மிச்சமிருந்தது லெம்யூல். "உள்ள போன்னாங்க, போனேன்" என்று அவன் ஒரு வருஷம் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தான். கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். அதே அணியில் இருந்த தடேயஸ் கில்லியம்தான், பதினாலில் பாதி ஏழு என்று கணக்குப் போட்டு அவனுக்குப் பேர் வைத்தவன். சனி பிடித்தால்கூட ஏழரை வருஷத்தில் விட்டுவிடும். இந்த ஏழு முப்பத்தேழு வருஷமாகியும் விடவில்லை.

ராஸ்கோ ஊருக்கு வரும்போதெல்லாம் அவரைக் கட்டிப்பிடிப்பான். "என் பாதி எப்படி இருக்கு?" என்பான். கூட்டம் சிரிக்கும், லெம்யூலும் சிரிப்பார். கோச்தான் எங்கள் இருவரையும் உள்ளே அனுப்பினார் என்ற ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அதற்காக லெம்யூல் அவனை மன்னிக்கவில்லை, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதபோதும் மன்னிக்கவில்லை.

மற்றபடி குறை சொல்ல முடியாத வாழ்க்கை. பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்த வர்னிஸைக் கட்டிக்கொண்டார். இரண்டு பெண்கள், இருவரும் மெம்ஃபிஸில். நகரசபையில் மீட்டர் வேலை. ஞாயிறு சர்ச், வெள்ளிக்கிழமை சாப்பிட மக்காச்சோள மாவில் அவித்த தமாலே, இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் மைதானத்தின் கீழ் வரிசையில் ஓர் இடம். அங்கே அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள், அவர் பந்து இல்லாதவர்களைப் பார்ப்பார். பந்தோடு ஒருவன் ஓடும்போது மற்ற பத்துப் பேர் என்ன செய்கிறார்கள், யார் யாரை மறிக்கிறான், யார் சும்மா இருக்கிறான் என்று பார்ப்பார். தன்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை என்பதாலோ என்னவோ.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த கையோடு தடேயஸ் கில்லியம் வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் ஊரின் சவ அடக்க நிலையத்துக்கு முதலாளி, கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவர். கையில் அவர் மனைவி செய்த வெண்ணெய்க் கேக்.

"லெம், ஒரு நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன்."

"நீங்க நல்ல சேதின்னா யாரோ செத்திருக்கணுமே, மிஸ்டர் கில்லியம்," என்றாள் வர்னிஸ், கேக்கை வாங்கிக்கொண்டே.

"செத்தவன் மார்ச்சுலயே செத்துட்டான், சிஸ்டர் வர்னிஸ். அந்த விஷயமாத்தான் வந்தேன்." தடேயஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த ஜார்வெல் ஸ்டோக்ஸ் பையன் பதினாலு கேக்குறான். கோச்சுக்கும் குடுக்க ஆசைதான். ஆனா குடுக்க ஆள் இல்லையே, ராஸ்கோ போயிட்டானேன்னு சங்கத்துல மண்டைய ஒடச்சிக்கிட்டிருந்தோம். அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. சட்டை மாத்துற ரூமுல அன்னிக்கு நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ராஸ்கோ அவன் கையாலயே உன்கிட்ட குடுத்தான்."

"மூஞ்சில எறிஞ்சான்."

"கையில குடுத்தா என்ன, மூஞ்சில எறிஞ்சா என்ன? குடுத்தது குடுத்ததுதான். சங்கத்துல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப பதினாலு யார்கிட்ட இருக்கு? உன்கிட்ட."

லெம்யூல் அவர் முகத்தைப் பார்த்தார். "முப்பத்தேழு வருஷமா இத யாரும் சொல்லலையே, தடேயஸ்."

"ராஸ்கோ உசிரோட இருந்தான்ல?" தடேயஸ் அதை ஒளிவுமறைவில்லாமல்தான் சொன்னார். "அக்டோபர்ல ஹோம்கமிங். ஊரை விட்டுப் போன பழைய மாணவங்க எல்லாரும் திரும்பி வந்திருப்பாங்க. நடு மைதானத்துல நின்னு அந்தப் பையன் கையில சட்டையக் குடுக்கணும். ஒரு நிமிஷ வேலை."

"மாட்டேன்," என்றார் லெம்யூல்.

தான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துத் தடேயஸ் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். லெம்யூல் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கேட்டுச்சு. மாட்டேன். அவன் நிக்கிறான்."

"எங்க நிக்கிறான்?"

"பந்து அவனுக்கு வராதப்பல்லாம் நிக்கிறான். இடுப்புல கைய வச்சுக்கிட்டு மரம் மாதிரி. கூட ஆடுறவன் பந்தோட ஓடி வர்றான். அவனைத் துரத்திட்டு வர்றவனை இவன் மறிக்கணுமா வேண்டாமா? வேடிக்கை பாக்குறான். பந்து வந்தா மட்டும் ஆடுறவனுக்கு அந்த நம்பரத் தர மாட்டேன்."

"யோவ், ஊரே அவன் பந்தை விட்டதைப் பத்திப் பேசுது. நீ என்னய்யா நின்னான் உக்காந்தான்னு..."

"பந்தை யாரும் விடுவாங்க. அது தப்பில்ல."

தடேயஸ் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். கேக்கை ஒருமுறை பார்த்தார், திருப்பிக் கேட்பது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டார். வாசற்படியில் நின்று திரும்பிச் சொன்னார். "பதினாலு உன்கிட்ட இருக்குன்னு நான் ஞாபகப்படுத்தினதுக்கு எனக்கு இது வேணும்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திங்கட்கிழமை காலைக்குள் டன்மோர் முழுக்கப் பரவிவிட்டது. யாருடா இவன் மாட்டேன் என்பதற்கு என்று கொதித்தார்கள். முடிதிருத்தும் கடையில், மீன்கடையில், சர்ச் படிக்கட்டில், எங்கும் அதே பேச்சு. ஆனால் அந்தக் கொதிப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. அவரைத் திட்டுவதற்கு ஏழு என்ற பேர் போதவில்லை. ஏழுக்கு மாட்டேன் என்று சொல்ல உரிமை ஏது? உரிமை உள்ளவனாக ஆக்கினால்தானே திட்ட முடியும்.

"பதினாலு, உனக்குக் கொழுப்பு அதிகமாயிடுச்சு," என்றார் மீன்கடைக்காரர்.

"பதினாலு வர்றாரு, வழி விடுங்கப்பா," என்றான் முடிதிருத்துபவன். குத்தலாகத்தான் சொன்னான். ஆனாலும் நாற்காலியைத் துணியால் தட்டிப்போட்டு, வரிசையில் காத்திருந்தவர்களுக்கு முன்னால் அவரை உட்கார வைத்தான்.

அப்புறம் கெஞ்ச வருகிறவர்களும் வந்தார்கள். மேயர் வந்தார். போதகர் வந்தார். லெம்யூலின் வராந்தாவில் உட்கார்ந்து இனிப்புத் தேநீர் குடித்து, ஆட்டத்தைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டார்கள். பந்து இல்லாதவர்களைப் பார்ப்பது பற்றி லெம்யூல் அவர்களுக்கு விளக்கினார். அவர்களும் தலையாட்டிக் கேட்டார்கள். அறுபதை நெருங்குகிற மனிதர், வாழ்நாளில் முதல்முறையாகத் தன் பேச்சுக்கு ஊர் காது கொடுப்பதைப் பார்த்தார். தலைகால் புரியவில்லை.

"குப்பை கொட்டப் போறப்பகூட நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போற," என்றாள் வர்னிஸ். "பாத்து, பட்டன் தெறிச்சிடப் போகுது."

"முதுகு வலி, அதான்."

"முப்பது வருஷமா குனிஞ்சு வந்த வலி, நிமிந்தா போயிடுமாக்கும்."

அந்த மாதம் மீட்டர் பார்க்கும் வழியில் கல்லூரிக்குப் பின்னால், நான்கு பையன்கள் சேர்ந்து தங்கியிருந்த ஒரு வாடகை வீட்டு முற்றத்தில் அவர் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, பின்கதவு திறந்தது. கையில் கிண்ணத்தோடு ஒரு பையன் படியில் வந்து நின்றான்.

"குட்மார்னிங், மிஸ்டர் டார்வர்."

அவரை அப்படி ஊரில் யாரும் கூப்பிடுவதில்லை. யார் இது என்று புரியவே அவருக்கு ஒரு கணம் ஆயிற்று. ஜார்வெல் ஸ்டோக்ஸ், மைதானத்தில் பார்த்ததைவிடச் சின்ன உருவம்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? நான் அந்தப் பந்தை விட்டதுக்காகவா?"

"இல்லப்பா. அதுக்கில்ல. நீ நிக்கிற."

பையன் கிண்ணத்தைப் பார்த்தான். மறுக்கப்போகிறான், கோபப்படப்போகிறான் என்று லெம்யூல் தயாராக இருந்தார்.

"ஆமா சார். நிக்கிறேன்."

"ஏன் நிக்கிற?"

பையன் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பனியன் கழுத்தை இழுத்துக் காட்டினான். இடது தோளில் பட்டை பட்டையாக மருந்துத் துணி ஒட்டியிருந்தது. "ரெண்டு தடவ கழண்டுடுச்சு. இன்னொரு தடவ கழண்டா இந்த வருஷம் அவ்வளவுதான். யாரையும் மறிக்காத, யார் மேலயும் முட்டாத, பந்து வந்தா மட்டும் ஓடுன்னார் கோச். எதிர் டீமுக்குத் தெரிஞ்சா தோளையே பாத்து அடிப்பாங்க, வெளிய மூச்சு விடக் கூடாதுன்னார். நிக்கச் சொன்னாங்க, நிக்கிறேன்." குரல் தாழ்ந்தது. "ஒவ்வொரு தடவயும் உடம்பு கூசுது சார்."

லெம்யூல் கொக்கியைக் கையில் பிடித்தபடியே நின்றார். "வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்றே. அப்புறம் என்கிட்ட ஏன் சொன்ன?"

"நீங்க ஏன்னு கேட்டீங்க. வேற யாரும் கேக்கலையே."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார் லெம்யூல். மூடியைப் போட்டார், எண்ணைக் குறித்தார். என்ன எழுதினாரோ, அடுத்த மாதம் அந்த நான்கு பையன்களுக்கும் ஒரு சலவை நிலையத்துக்கு வருகிற தண்ணீர்க் கட்டணம் வந்தது.

அன்று மீதி வீடுகளுக்கு எப்படிப் போனார் என்பது அவருக்கே நினைவில்லை. வெட்கமாக இருந்தது. உள்ளே போ என்றார்கள், போனேன். நில் என்றார்கள், நிற்கிறேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஊர் அவரிடம் கேட்காமல் தீர்ப்புச் சொன்னது போலவே அவரும் அந்தப் பையனுக்குச் சொல்லியிருந்தார். அதுவும் கீழ் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, தன்னை மாதிரி பார்க்கத் தெரிந்தவர் யாருமில்லை என்ற கர்வத்தோடு.

ஆனால் மறுநாளே போய்த் தடேயஸிடம் சொன்னாரா என்றால், இல்லை. இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் பதினாலு, பதினாலு என்று ஊர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. முடிதிருத்துபவன் நாற்காலியைத் துணியால் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். நல்லவர்தான் லெம்யூல். ஆனால் பசித்தவன் வாயில் போட்ட சோற்றைத் துப்பச் சொன்னால் உடனே துப்பிவிடுவானா?

கடைசியில் ஒரு மாலை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வர்னிஸிடம் சொன்னார். தோள் விஷயத்தைச் சொல்லவில்லை. பையனுக்குக் கொடுத்த வாக்கு. நான் நினைத்தது தப்பு, அவன் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

"அப்ப குடுத்துடு."

"குடுத்தா பயந்து குடுத்தான்னு சொல்வாங்க. மேயர் வந்தார், மடங்கிட்டான்னு சொல்வாங்க. காரணத்தை வெளிய சொல்ல முடியாது."

"சொல்லட்டும். இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் உண்மையாக்கும்?"

"அதில்ல, வர்னிஸ்." அவர் வெண்டைக்காயின் காம்பு ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். "குடுக்காத வரைக்கும்தான் அது என்னுது. குடுத்துட்டா என்கிட்ட ஒண்ணுமே இருக்காது. திரும்ப ஏழாயிடுவேன்."

வர்னிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் உன்னைக் கட்டிக்கிட்டப்ப உன்கிட்ட என்ன இருந்துச்சு? ஓட்ட லாரி ஒண்ணு. அதுலயும் ரிவர்ஸ் விழாது." அவள் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள மேல பழியப் போட்டு வச்சுக்கிட்டு எத்தனை நாள் பதினாலா இருப்ப? ராஸ்கோவும் அப்படித்தானே இருந்தான்."

அந்தக் கடைசி வார்த்தை அவருக்கு வலித்தது. வலிக்க வேண்டும் என்றுதான் அவளும் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் தடேயஸுக்குப் போன் செய்தார்.

"வழிக்கு வந்துட்டியா?" என்றார் தடேயஸ். "மேயர் பேசினார்ல? எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தகுதி இருக்குன்னு இப்ப ஒத்துக்கிறியா?"

"என்ன தகுதிய்யா? எனக்குத் தகுதி பாத்தா குடுத்தீங்க? சட்டை கிழிஞ்சுது, கெடச்சுது. அந்தப் பையன் கேக்குறான், நான் குடுக்கிறேன். அவன் தப்பா ஆடினான்னு நான் சொன்னது என் தப்பு. இதையும் ஊருக்குச் சொல்லிடு."

அவர் கொடுக்கிறார் என்ற பாதியைத்தான் தடேயஸ் ஊருக்குச் சொன்னார். ஏழு மடங்கிவிட்டான் என்று மறுநாளே எல்லா வராந்தாவிலும் சிரிப்பு. முடிதிருத்தும் கடையில் அவர் வரிசையில் கடைசியாக உட்கார்ந்தார்.

ஹோம்கமிங் சனிக்கிழமை நல்ல வெயில். மைதானத்துக்கு வெளியே மீன் பொரிக்கும் புகை. வாத்தியக் குழு அதிர அதிர அடித்துக்கொண்டிருந்தது. டெட்ராய்ட்டிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் வந்தவர்கள் தொப்பியும் புதுச் சட்டையுமாகப் படிகளை நிறைத்திருந்தார்கள். ஆட்டத்தின் இடைவேளையில் தடேயஸ் ஒலிபெருக்கியைப் பிடித்து ராஸ்கோவின் புகழை நெடுநேரம் பாடினார். கடைசியில் லெம்யூலின் பேரைச் சொன்னார். மேல் வரிசையில் சில பேர் "ஏழு, ஏழு" என்று தாளம் போட்டார்கள்.

லெம்யூல் மடித்த புதுச் சட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடு மைதானத்துக்கு நடந்தார். எதிரே ஜார்வெல் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் நன்றியும் இருந்தது, அவர் வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. லெம்யூல் அவன் தோளைத் தொடாமல் எதிரில் போய் நின்றார்.

கொடுக்கிறவன் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம், அந்தக் காலத்திலிருந்து மாறாதது. முதல் வாக்கியம், இது என்னுதா இருந்துச்சு. இரண்டாவது, இனி உன்னுது. தடேயஸ் ஒலிபெருக்கியை அவர் வாய்க்கருகே கொண்டுவந்தார்.

"இது என்னுதா இருந்துச்சு," என்றார் லெம்யூல்.

அவர் குரல் படிகளில் ஏறிப்போய், எதிர்ப் பக்கம் பட்டு, அவரிடமே திரும்பி வந்தது. தாளம் போட்டவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சட்டையைப் போட்டு ஓடினதற்கு முப்பத்தேழு வருஷம் கழித்து, ஊர் முழுவதும் கேட்க அவர் அதைச் சொல்லிவிட்டார், இல்லை என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. கண் நிறைந்துவிட்டது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை, அசையவும் இல்லை. பையன் கைகளை நீட்டியபடி காத்திருந்தான்.

தடேயஸ் குனிந்து அவர் காதோரம் முணுமுணுத்தார். "ரெண்டாவதச் சொல்லுய்யா. நேரமாகுது."

"இரு, தடேயஸ்," என்றார் லெம்யூல். "மொதலாவது இன்னும் முடியல."